நமக்கும் அதே

தொலைக்காட்சியில் என்னைப் பார்த்ததாக யாராவது சொன்னால், எந்த நாள் ஆட்டம் என்று முதலில் கேட்டுக்கொள்வேன். அரையிறுதி என்றால் நிம்மதி. அதில் கேவலமாகத் தோற்றேன். ஆனால் யோக்கியமாகத் தோற்றேன். காலிறுதி என்றால்தான் சட்டைக் காலருக்குள் வேர்க்கும். அதில் நான் ஜெயித்தேன்.

எனக்குத் தொழில் தேவாரத்தில் காய்கறி எடுப்பது. காலையில் கமிஷன் கடை ஏலத்தில் கத்திரிக்காய், அவரைக்காய், முருங்கைக்காய் என்று கிடைத்ததை எடுத்து, மதியத்துக்குள் வண்டியைக் குமுளி மலை ஏற்றிவிட வேண்டும். அந்தப் பக்கத்து வியாபாரிகளோடு இருபத்திரண்டு வருடம் பழகியதில் மலையாளத்தில் எனக்கு இரண்டு சொற்கள் நன்றாக வரும். 'வேகம்', 'நாளெ'. முதல் சொல்லை அவர்கள் சொல்வார்கள், இரண்டாவதை நான் சொல்வேன்.

ஏலம் தொடங்கும்வரை மூட்டைமேல் உட்கார்ந்து பேப்பரில் குறுக்கெழுத்துப் போடுவேன். "வீட்டுல பல்பு மாத்தத் தெரியல, இதுல மேலிருந்து கீழ், இடமிருந்து வலம்" என்பாள் என் மனைவி. கடையில் எனக்கு வேறு மரியாதை. தராசில் முள் நிற்பதற்குள் மொத்தத்தைச் சொல்லிவிடுவேன். ஏலம் விடுகிறவர் எனக்கு மாமன் முறை. "இவன் மண்டைக்குள்ள காலுகுலேட்டர் இருக்குலே, மூளைக்குத்தான் எடமில்லாமப் போச்சு" என்று பெருமையாகச் சொல்வார். இந்த மாதிரிப் பாராட்டுகளைக் கேட்டுக் கேட்டுத்தான் சொல்லும் எண்ணும் கலந்த ஒரு டிவி போட்டிக்கு நான் விண்ணப்பம் போட்டேன்.

ஆட்டம் எளிது. சொல் சுற்றில் திரையில் ஒன்பது எழுத்துகள் வரும். அவற்றைக் கொண்டு முடிந்தவரை நீளமான சொல் அமைக்க வேண்டும். எண் சுற்றில் ஆறு எண்களும் ஓர் இலக்கும் வரும். கூட்டியோ கழித்தோ பெருக்கியோ வகுத்தோ அந்த இலக்கைத் தொட வேண்டும். ஓர் எண்ணை ஒரு தடவைதான் எடுக்கலாம். இரண்டுக்கும் அரை நிமிடம். காலிறுதியிலிருந்து நாக்அவுட்: தோற்றவர் அன்றைக்கே பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

படப்பிடிப்பு சென்னையில். மேக்கப் அறையில் என் முகத்தில் மாவு பூசிக்கொண்டிருந்தபோது பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் கண்ணாடி வழியாகவே என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அண்ணே, நீங்க தேவாரம் ஏலக்கடையில காய் எடுக்குறவுகதான?"

தூக்கிவாரிப் போட்டது. "ஆமா, நீங்க?"

"பொட்டிப்புரம். எங்க கத்திரிக்கா வாரத்துக்கு மூணு நாள் உங்ககிட்டதான் வருது. சாக்குல பச்ச மையில வட்டம் போட்டிருக்கும்."

பச்சை வட்டம் எனக்கு நன்றாகத் தெரியும். நல்ல காய், சொத்தை குறைவு. அந்த வட்டத்துக்குப் பின்னால் ஓர் ஆள் நின்றிருப்பதைத்தான் இத்தனை வருடம் நான் பார்க்கவில்லை. "அடடே, நீங்களா? முகத்துல மாவு பூசுனதுல அடையாளம் தெரியல" என்று சமாளித்தேன். அவருக்கு அப்போது மாவே பூசியிருக்கவில்லை.

அவர் பி.எஸ்சி. கணிதம் படித்தவர். கல்யாணத்துக்குப் பிறகு தோட்டம், மாடு, பிள்ளைகள் என்று போய்விட்டது. "பத்து வருசமா என்ன யாருமே ஒரு கணக்குக் கேக்கலண்ணே. சோறு ஆச்சா, தண்ணி பாச்சியாச்சா, இதான் கேப்பாக. இங்கன வந்து முத தடவையா எம் மூஞ்சியப் பாத்துக் கணக்குக் கேக்குறாக. ரெண்டு வருசம் தேர்வுலயே திருப்பி அனுப்பிட்டாக, இது மூணாவது. எப்பிடியாச்சும் நாளைக்கும் இங்கன இருக்கணும்ணே."

நாளைக்கும் இருக்க வேண்டும் என்றால் அரையிறுதி. அதற்குக் காலிறுதியில் ஜெயிக்க வேண்டும். யாரோடு என்று அப்போது இருவருக்குமே தெரியாது. பத்து நிமிடம் கழித்துப் பட்டியல் வந்தது; என் பெயருக்கு எதிரே அவர் பெயர். தேவாரத்துக்கும் பொட்டிப்புரத்துக்கும் நடுவே இருக்கிற தூரத்தை நாங்கள் சென்னைக்குப் போய் அளந்துகொள்ள வேண்டும் என்று இருந்திருக்கிறது.

ஆட்டம் கடைசிவரை இழுபறி. ஒரு சொல் சுற்றில் திரையில் னை, து, கா, ம, த், லி, வ, ரு, ம என்று வந்தது. என் கண்ணில் முதலில் பட்டது 'மது'. அதைத் தள்ளிவிட்டுத் தேடிக் கடைசி நொடியில் 'மருத்துவமனை' போய்ச் சேர்ந்தேன். அவர் நேரே மருத்துவமனைக்கே போயிருந்தார். சொல் சுற்றுகளில் குறுக்கெழுத்துப் பழக்கம் எனக்குக் கை கொடுத்தது, எண் சுற்றுகளில் அவர் என்னைத் துரத்தி வந்தார். கடைசிச் சுற்றுக்கு முன்னால் எனக்கு ஐம்பத்தெட்டு, அவருக்கு ஐம்பத்திரண்டு.

கடைசிச் சுற்று எண் சுற்று. இலக்கைத் தொட்டவருக்குப் பத்து. யாரும் தொடவில்லை என்றால் கிட்டத்தில் வந்தவருக்கு ஏழு. அதாவது அவர் தொட்டு நான் தொடாமல் போனால் அவர் அறுபத்திரண்டு, நான் வீட்டுக்கு.

இந்த இடத்தில் எங்கள் ஏலக்கடை வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு மூட்டைக்கு ஒருத்தர் உச்ச விலை கேட்டு மாமா முடிக்கப் போகும் நேரத்தில், இன்னொருத்தர் "நமக்கும் அதே" என்று சொல்லலாம். சொல்லிவிட்டால் சரக்கு அந்த விலையிலேயே இருவருக்கும் பாதிப் பாதி. முதல் ஆள் மூட்டைக்குள் கைவிட்டு, காயை அமுக்கி, அடியில் இருப்பதைப் புரட்டிப் பார்த்து விலை சொல்லியிருப்பார். இரண்டாவது ஆள் சாக்கின் வாயைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். அடுத்தவர் கண்ணை நம்பி வாங்குவது அது. யாரும் தப்பாக நினைப்பதில்லை. நான் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவையாவது சொல்வேன். குறுக்கெழுத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வேன். தூக்கத்தில்கூடச் சொல்லியிருக்கிறேன் என்பது மனைவியின் புகார்.

திரையில் எண்கள் வந்தன. 50, 25, 8, 6, 4, 2. இலக்கு 874.

எட்டும் ஆறும் நாலும் பதினெட்டு. பதினெட்டை ஐம்பதால் பெருக்கினால் தொள்ளாயிரம். இருபத்தைந்தைக் கழித்தால் எண்ணூற்று எழுபத்தைந்து. ஒன்று கூடுதல். கையில் மிச்சம் இரண்டு. அதைக் கழித்தால் எண்ணூற்று எழுபத்து மூன்று. ஒன்று குறைவு. கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று தட்டிக்கொண்டிருக்கிறேன், உள்ளே போக வழி இல்லை. மணி அடித்துவிட்டது. தாளில் 873 என்று எழுதி வட்டம் போட்டேன்.

தொகுத்து வழங்கிய தம்பி முதலில் அவரைக் கேட்டார். "சொல்லுங்க மேடம், எவ்வளவு?"

"எண்ணூத்தி எழுவத்தி நாலு."

கைதட்டல். தம்பி என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க?"

"நமக்கும் அதே."

சத்தியமாகச் சொல்கிறேன், நான் சொல்லவில்லை. வாய் சொன்னது. ஒருத்தர் உச்சத்தில் ஓர் எண்ணைச் சொல்கிறார், எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். இருபத்திரண்டு வருடமாக அப்படிப்பட்ட நேரத்தில் என் வாய்க்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அந்த இரண்டு சொல்லுக்கு நான் பொறுப்பில்லை என்று இன்றைக்கும் எந்தப் பஞ்சாயத்திலும் வாதாடுவேன்.

அடுத்த இரண்டு சொல்லுக்குத்தான் வாதம் கிடையாது.

அவர் தன் வழியை விளக்கினார். இருபத்தைந்தில் இரண்டு போனால் இருபத்து மூன்று. ஐம்பதில் எட்டும் நாலும் போனால் முப்பத்தெட்டு. இரண்டையும் பெருக்கினால் எண்ணூற்று எழுபத்து நான்கு. ஆறு தேவையே இல்லை. அவர் சொல்லச் சொல்ல எனக்கு வாய் பிளந்தது. கதவைத் தட்டாமல் சுவரையே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போயிருந்தார். தம்பி என்னைப் பார்த்தார்.

"சூப்பர் மேடம்! சார், உங்களுக்கு வேற வழியா, அதே வழியா?"

இப்போது வாய் தானாக எதையும் சொல்லவில்லை. காத்துக்கொண்டிருந்தது. 'இல்ல தம்பி, பழக்கத்துல வந்துருச்சு, எனக்கு எழுபத்து மூணுதான்' என்று சொல்ல எனக்குத் தாராளமாக நேரம் இருந்தது. சொன்னால் எல்லாரும் சிரித்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வாங்குவது பிடிக்கும்தானே. ஆனால் ஸ்கோர் பலகையில் என் பெயர் மேலே இருந்தது.

"அதே வழிதான்" என்றேன்.

இருவரும் ஒரே எண் சொன்னால் இரண்டாவது ஆள் தாளைக் காட்ட வேண்டும் என்று காலையில் விதி சொல்லியிருந்தார்கள். நான் உள்ளங்கையை 873 மேல் பரப்பி வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் சிலேட்டை மறைக்கிற பையன் மாதிரி சிரித்தேன். அன்றைக்கு நாலு நாள் ஆட்டத்தை ஒரே மூச்சில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாடு வேறு வந்துவிட்டது. கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒருத்தர் 'முடி, முடி' என்று கையைச் சுழற்றினார். தம்பி தாளைக் கேட்கவில்லை. அறுபத்தெட்டுக்கு அறுபத்திரண்டு. மேலேயிருந்து வண்ணக் காகிதம் கொட்டினார்கள். ஒரு துண்டு என் வாய்க்குள் போனது. முழுங்கிவிட்டேன்.

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என் முகத்தை இல்லை, என் கையைப் பார்த்தார். பிறகு தன் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நாளைக்கு நல்லா வெளையாடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

நல்லா விளையாடினேன். மறுநாள் அரையிறுதியில் ஒரு வங்கி அதிகாரி எண்பத்து நாலு எடுத்தார், நான் முப்பத்தொன்று. எண் சுற்று ஒன்றில்கூட நான் இலக்கின் தெருப்பக்கம் போகவில்லை. ஆக, அந்தப் பெண்ணின் நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டு போய் அதில் ஒழுங்காக உட்காரவும் எனக்குத் தெரியவில்லை.

ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்து டிவிக்காரர்களுக்கு போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "சார், எபிசோடு எடிட் முடிஞ்சு போயாச்சு. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க ரொம்ப நல்லவர் சார்" என்றார் அங்கிருந்தவர். போனை வைத்ததும் மனசு லேசானது. அந்த லேசுதான் அசிங்கம். ஒன்றும் பண்ண முடியாது என்று யாராவது சொல்ல வேண்டும் என்பதற்காகவே போன் போட்டிருக்கிறேன்.

ஒளிபரப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். அதற்குள் கடைக்காரர்கள் பேருந்து நிறுத்தத்தில் பிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். 'தேவாரம் தந்த கணித மேதையே!' கீழே என் படம். யாருடைய கல்யாணத்திலோ எடுத்தது, பந்தியில் எனக்கு முன்னால் இருந்த இலையை மட்டும் வெட்டிவிட்டிருந்தார்கள்; வாய் மென்றுகொண்டுதான் இருந்தது.

ஏலம் முடிந்து எல்லாரும் கடையிலேயே டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் விசில். கடைசிச் சுற்று வந்தது. அவர் எண்ணைச் சொன்னார். டிவிக்குள்ளிருந்து நான் "நமக்கும் அதே" என்றேன்.

கடை இடிந்து விழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. சென்னையில் யாருக்கும் புரியாதது இங்கே அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது. அந்தச் சொல்லுக்கு மூட்டையைப் பார்க்காத ஆள் என்றுதானே அர்த்தம்.

"ஏலே! டிவிக்காரனையே பாதி மூட்டையப் பிரிச்சுப் போட வச்சுட்டானேலே!" மாமா தொடையைத் தட்டினார்.

"சாக்க அவுத்துக்கூடப் பாக்கலையே மாப்ள நீயி!"

"கெட்டிக்காரப் பய. மெட்ராசுல போய் நம்ம ஊரு ஏவாரத்தக் காட்டிட்டான்."

எனக்குத் தோளில் அடி விழுந்தது, முதுகில் விழுந்தது, டீ வந்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. யாரோ ஒருத்தர் மட்டும், "அந்தப் புள்ள பொட்டிப்புரம்ல?" என்று கேட்டார். அதற்குள் விளம்பரம் வந்துவிட்டது.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பாராட்டினார்கள். மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு பொட்டிப்புரம் போனேன். மலைக்குள் குடைந்து, கண்ணுக்குத் தெரியாத துகளைப் பிடிக்க விஞ்ஞானிகள் இடம் பார்த்த ஊர் அது. உள்ளங்கைக்குக் கீழே இருந்த தாளைப் பிடிக்காமலா இருந்திருக்கும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன்.

அவர் தோட்டத்தில் காய் பறித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "வாங்கண்ணே" என்றார். கை நிற்கவில்லை.

இரவெல்லாம் ஒத்திகை பார்த்திருந்த பேச்சு ஒன்று இருந்தது. நடுவில் ஒரு நகைச்சுவைகூட வைத்திருந்தேன். எதுவும் வரவில்லை. "அந்தக் கணக்கு எனக்கு வரலம்மா" என்றேன்.

"தெரியும்ணே. நீங்க 'நமக்கும் அதே'ன்னப்பவே தெரியும். எத்தன நாளு ஏலத்துல நின்னு கேட்டிருக்கேன்."

"அப்ப அங்கனயே சொல்லியிருக்கலாம்லம்மா? தாளக் காட்டச் சொல்லுங்கன்னு ஒரு வார்த்த..."

"சொல்லணும்னு கையத் தூக்கப் போனேன்." கூடைக்குள் காயைப் போட்டார். "அப்புறம் யோசிச்சேன். நாளப்பின்ன எங்க காய்க்கு நீங்கதான வெல கேக்கணும்."

அதுவரை நான் செய்தது திருட்டு என்றுதான் நினைத்திருந்தேன். ஆட்டத்தில் ஒரு சின்னத் திருட்டு, பத்துப் புள்ளி. அவர் பயந்துபோய் வாயை மூடியிருக்கிறார் என்பது என் கணக்கிலேயே இல்லை. என்னைப் பார்த்து ஒருத்தர் பயப்படுவார் என்று யாராவது சொன்னால் என் மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள். பயந்திருக்கிறார்.

"நான் என்ன செய்யணும்மா?"

"எங்கிட்டச் சொல்லி என்னண்ணே? எனக்குத்தான் தெரியுமே. அங்கன எல்லாரும் கெட்டிக்காரத்தனம்னு சொல்றாகளாம். அங்கன சொல்லுங்க."

செவ்வாய்க்கிழமை ஏலம் தொடங்குமுன் நான் தராசுப் பக்கத்தில் போய் நின்று சொன்னேன். "ஒரு விசயம். அந்தக் கணக்கு எனக்கு வரல. பொய் சொல்லித்தான் ஜெயிச்சேன்."

குபீரென்று சிரித்தார்கள். "பாத்தோமேலே!" என்றார் மாமா. நான் மறுபடியும் சொன்னேன், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு. இன்னும் கூடுதலாகச் சிரித்தார்கள். "மூஞ்சியப் பாரு, நடிப்பப் பாரு!" இருபத்திரண்டு வருடமாக என் வாயிலிருந்து வந்த எதையும் அவர்கள் சிரிக்காமல் கேட்டதில்லை. அந்தப் பழக்கத்தைப் பிடிவாதமாக உண்டாக்கியவன் நான்தான்.

பொட்டிப்புரத்துப் பெண் தன் மூட்டைகள் பக்கத்தில் நின்றிருந்தார். சிரிக்கவில்லை. நேரே வந்து, அன்றைய வரத்து எழுதும் கரும்பலகையில் ஓர் ஓரத்தைத் துடைத்து, சாக்பீஸால் அந்த ஆறு எண்களையும் எழுதினார். கீழே 874.

"இத யாராச்சும் போட்டுக் காட்டுங்க" என்றார். "இங்கன எல்லாருமே கணக்குல புலிதான?"

ஏவாரிகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒருத்தர் துண்டை உதறித் தோளில் போட்டார். ஒருத்தர் கை விரலில், ஒருத்தர் சாக்கு மேல் பேனாவால். "எண்ணூத்தி எழுவத்தஞ்சு வருது." "எனக்கு மூணு." "இரு இரு, ஆற மொதல்ல கழி." மாமா கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தார். பத்து நிமிடம் தேவாரம் ஏலக்கடையில் ஏலம் நின்றது. யாருக்கும் வரவில்லை. சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது.

அவர் இரண்டு வரியில் எழுதிக் காட்டினார்.

மாமா பலகையை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் என்னைச் சிரிக்காமல் பார்த்து நான் பார்த்ததே இல்லை.

"அப்ப அந்த எடம் இந்தப் புள்ளையோடதுதானடா" என்றார்.

"ஆமா மாமா."

மாமா ஏலத்தைத் தொடங்கினார். பச்சை வட்டம் போட்ட மூட்டைகள் வந்தபோது, என் பக்கம் திரும்பாமலே, "இதுக்கு மட்டும் நீ வாயத் தொறக்காத மாப்ள" என்றார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வேறு இரண்டு பேர் போட்டி போட்டுக் கேட்டார்கள். நான் வழக்கமாகக் கேட்கிற விலையைவிடக் கூடுதலாகவே போனது. அந்தக் காய்க்கு அந்த விலை தகும் என்பது எனக்கு எப்போதுமே தெரியும்.